மான்செஸ்டர் சீரியலும் காலடிப்பேட்டை ராட்டையும்

பிரிட்டிஷ் சீரியல் பார்ப்பேன் என்று சொன்னால், கேட்பவர்கள் மனசில் உடனே ஒரு மாளிகை எழும்பிவிடுகிறது. வெள்ளிக் கரண்டி, கைகட்டி நிற்கும் வேலைக்காரர் வரிசை, தொப்பி வைத்த சீமாட்டி. அடையாறிலோ பெசன்ட் நகரிலோ ஏசி ரூமில் உட்கார்ந்து ‘டவுன்டன் ஆபி’ பார்க்கிற ஆள் என்று என்னை நினைத்துக்கொள்கிறார்கள். கூடவே, வீட்டில் ராட்டை வைத்து நூல் நூற்பேன் என்றும் சொல்லிவிட்டால் குழப்பம் இன்னும் கூடிவிடும். “ஓ, காந்தியவாதியா நீங்க?” என்பார்கள்.

நான் இருப்பது திருவொற்றியூர், காலடிப்பேட்டைக்குப் பக்கத்தில். கதர் புடவை என்னிடம் இரண்டு மூன்றுக்கு மேல் கிடையாது. ராட்டை சுற்றுவது எனக்குப் பிடிக்கும், சுற்றுகிறேன். ராத்திரி சமையல்கட்டை ஒழித்துவிட்டு, டிவியில் இங்கிலாந்து, மடிக்கு முன்னால் ராட்டை. எங்க வீட்டுக்காரர் அந்த நேரத்தில் ஹாலைக் கடந்து போனால், “இன்னா, உன் மில்லு சங்கு ஊதிடுச்சா?” என்று ஒரு வார்த்தை விடாமல் போகமாட்டார்.

இந்த இரண்டையும் பற்றி ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று இருந்தேன். என் கட்சி இதுதான். பிரிட்டிஷ் சீரியல்களில் உருப்படியானவை மில்லிலும் துறைமுகத்திலும்தான் நடக்கின்றன. அவற்றை ரசிக்க வடசென்னைக்காரர்களைவிடத் தோதான ஆட்கள் உலகத்திலேயே கிடையாது. பார்க்கும்போது கையில் நூல் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

சீரியல் எனக்கு வந்த வழி பர்மா பஜார். பீச் ஸ்டேஷன் எதிரே டிவிடி வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. புதுப்படம் தேடி வருகிற கூட்டத்துக்கு நடுவே நான் போய், “பி.பி.சி. சீரியல் ஏதாவது இருக்கா தம்பி?” என்று கேட்பேன். கடைக்காரப் பையன் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கட்டை உருவிப் போட்டு, “அக்கா, இதுல சண்டையே வராது, அப்புறம் வந்து மாத்திக் குடுன்னு கேக்கக் கூடாது” என்று முன்னாலேயே சொல்லிவிடுவான். அந்தக் கட்டில்தான் 2004-ல் பி.பி.சி. எடுத்த ‘நார்த் அண்ட் சவுத்’ கிடைத்தது. நாலே பகுதி. எலிசபெத் காஸ்கெல் 1854-55-ல் தொடராக எழுதிய நாவல். தெற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பாதிரியார் குடும்பம், மில்டன் என்ற பஞ்சாலை நகரத்துக்குக் குடிபோகிறது. மகள் மார்கரெட், மில் முதலாளி ஜான் தார்ன்டன், தொழிற்சங்கக்காரர் ஹிக்கின்ஸ், மூன்று பேரும்தான் கதை. மில்டன் கற்பனைப் பெயர். காஸ்கெல் வாழ்ந்த மான்செஸ்டரைத்தான் அப்படி எழுதினார்.

அந்தச் சீரியலைப் பார்த்தபோது ஊர் தெரிந்த ஊராக இருந்தது. புகைபோக்கி, சங்கு, ஷிப்டு மாறும்போது தெருவை அடைத்துக்கொண்டு வரும் கூட்டம், வெள்ளைச் சட்டையை வெளியே காயப்போட்டால் கறுத்துப் போவது, எல்லாம் எங்கள் பக்கத்துச் சமாச்சாரம். இன்னொன்றும் உண்டு. எங்க வீட்டுக்காரர் எண்ணூர் லேலண்டில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். 1948-ல் ஆஸ்டின் கார் பூட்டுகிற கம்பெனியாக ஆரம்பித்து, 1955-ல் லேலண்ட் பெயரைச் சேர்த்துக்கொண்ட தொழிற்சாலை. அந்த லேலண்ட் ஓர் ஊரின் பெயர். லங்காஷயரில், பிரெஸ்டன் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. காஸ்கெல் தன் நாவலின் வேலைநிறுத்தத்துக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டதும் 1853-54-ல் பிரெஸ்டன் பஞ்சாலைகளில் நடந்த வேலைநிறுத்தத்தைத்தான். நம்ம ஊர் பஸ் முகப்பில் தினம் பார்க்கிற பெயரும், அந்தச் சீரியலின் கதையும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். அதே 1955-ல் திருவொற்றியூரில் புல்லட் பூட்ட ஆரம்பித்த என்ஃபீல்டுக்குத் தாய்வீடு ரெட்டிச். பர்மிங்ஹாமுக்குத் தெற்கே, ‘பீக்கி ப்ளைண்டர்ஸ்’ சீரியல் தாதாக்களின் பேட்டையிலிருந்து கூப்பிடு தூரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ராட்டைக்கு வருகிறேன்.

நூற்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது அத்தை, என் மாமியார். ஐம்பதுகளில் பள்ளிக்கூடம் போனவர். அப்போது கைத்தொழில் வகுப்பு என்று ஒன்று இருந்தது; பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு தக்ளியோடு போக வேண்டும். கீழே ஒரு வட்டு, நடுவில் கம்பி, உச்சியில் சின்னக் கொக்கி, அவ்வளவுதான் தக்ளி. தொடையில் வைத்து ஒரு உருட்டு உருட்டிவிட்டால் பம்பரமாகச் சுற்றும். “நூலு சரியா வரலன்னா டீச்சர் வெரலப் புடிச்சி நசுக்கும்” என்று அத்தை இப்போதும் சொல்வார். பாடம் மறந்துவிட்டது, விரல் மறக்கவில்லை. எனக்குத் தக்ளி பிடிபட்ட பிறகு, கதர்க் கடை ஒன்றில் சொல்லிவைத்துப் பெட்டி ராட்டை வாங்கினேன்.

பெட்டி ராட்டையை மூடிவிட்டால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயில் ஏறலாம். எரவாடா சிறையில் இருந்த காலத்தில், கையோடு எடுத்துப் போக வசதியாக காந்தி வடிவமைத்தது. எரவாடா ராட்டை என்றும் சொல்வார்கள். திறந்தால் இரண்டு சக்கரம், ஒரு கதிர், அதாவது நூல் ஏறுகிற கம்பி. பெரிய சக்கரம் சின்னதைச் சுழற்றும், சின்னது கதிரைச் சுழற்றும். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றுவதற்குள் கதிர் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பல சுற்று சுற்றிவிடும். வலது கை கைப்பிடியில். இடது கையில் பட்டை, அதாவது சீவி உருட்டிய பஞ்சுத் திரி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பட்டையைப் பிடித்தும் பிடிக்காமலும் வைத்துக்கொண்டு, கையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டே போக வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அறுந்துவிடும். தளர விட்டால் நூலில் கட்டி கட்டியாகப் புடைக்கும். கை எட்டுகிற தூரம் இழுத்ததும் இன்னும் கொஞ்சம் முறுக்கு ஏற்றி, கதிரைக் கொஞ்சம் பின்னால் சுற்றி நூலை விடுவித்து, கதிரிலேயே சுற்றிக்கொள்ள வேண்டும். திரும்பவும் இழுப்பு. ஆயிரம் மீட்டர் சேர்ந்தால் கதர்க்காரர்கள் கணக்கில் ஒரு சிட்டம்.

டிவி பார்த்துக்கொண்டே எப்படி நூற்கிறாய் என்று கேட்காதவர்கள் இல்லை. நூல் தடிக்கிறதா மெலிகிறதா என்பது விரலுக்குத்தான் முதலில் தெரியும், கண்ணுக்குப் பிறகுதான். பழகிவிட்டால் கண்ணை சப்டைட்டிலுக்குக் கொடுத்துவிடலாம். லங்காஷயர் ஆட்கள் பேசுகிற இங்கிலீஷுக்கு எப்படியும் சப்டைட்டில் வேண்டும். குரோஷா போட்டால் கண்ணியை எண்ண வேண்டும். ராட்டையில் எண்ணுகிற வேலையே கிடையாது. ஆனால் எல்லா சீரியலும் ராட்டைக்கு ஒத்துவராது. ‘ஷெர்லாக்’கில் பேச்சு அவ்வளவு வேகம், கையும் சேர்ந்து ஓடி முறுக்கு ஏறிப்போகும். ‘ஹாப்பி வேலி’ பார்க்கிற அன்று நூல் அறுந்துகொண்டே இருக்கும். பயந்தால் விரல் தன்னால் இறுகிவிடுகிறது.

பஞ்சு விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், யாராவது ஆசைப்பட்டு ஆரம்பித்தால் உதவும். தலையணைக்கு வாங்குகிற இலவம் பஞ்சில் நூல் வராது. அதன் இழை வழுவழுப்பு, ஒன்றை ஒன்று பற்றாது. பருத்தி இழையில் இயற்கையாகவே ஒரு திருகல் இருக்கிறது, அதனால்தான் முறுக்கினால் பிடித்துக்கொள்கிறது. அதிலும் கோவில்பட்டிக் கரிசலில் விளைகிற கருங்கண்ணி மாதிரியான நாட்டுப் பருத்தி இழை குட்டை, மெல்லிய நூல் இழுக்கக் கை தேர்ந்திருக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் நீள இழைப் பஞ்சில் செய்த பட்டையாக வாங்குவது நல்லது. இழுக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். மே மாசத்தில் நூற்றால் வேர்த்துக் கொட்டும், வேறு வழியில்லை.

அந்த வேர்வைக்கு ஒரு லாபமும் உண்டு. பருத்திக்கு ஈரக்காற்று வேண்டும். காய்ந்த காற்றில் இழை மொடமொடவென்று நிற்கும், பொசுக்கென்று அறும். அக்னி நட்சத்திரத்தில் மேல்காற்று அடிக்கிற முற்பகலில் ராட்டையைத் தொட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று திரும்பியதும் அதே பட்டை, அதே கை, நூல் வழுக்கிக்கொண்டு வரும். பஞ்சாலைகள் லங்காஷயரில் போய்க் குவிந்ததற்கு நிலக்கரி, தண்ணீர், லிவர்பூல் துறைமுகம் என்று பல காரணம் சொல்வார்கள். அந்த ஊரின் ஓயாத மழையும் ஈரமும் அந்தப் பட்டியலில் உண்டு. போதாதென்று தறிக்கூடங்களில் நீராவி வேறு விடுவார்கள். நமக்குக் கடல் சும்மா கொடுக்கிறது.

‘நார்த் அண்ட் சவுத்’தை இரண்டாம் முறை அத்தையோடு உட்கார்ந்து பார்த்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நூலைக் கதிரில் சுற்றுகிற இடைவெளியில் நான் கதை சொல்வேன், அவர் பூ கட்டிக்கொண்டே கேட்பார். அத்தையின் அப்பா மில் தொழிலாளி. முதல் பகுதியில் மார்கரெட் மில்லுக்குள் நுழைகிற காட்சி வந்தது. கதவைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் தறி, காற்று முழுக்கப் பஞ்சு மிதக்கிறது. படம் எடுத்தவர் பிரையன் பெர்சிவல், பின்னால் ‘டவுன்டன் ஆபி’யின் முதல் பகுதியை எடுத்தவர். அந்தப் பஞ்சு மழையை அவ்வளவு அழகாகக் காட்டியிருப்பார். அத்தை பூவைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னாம்மா, இம்மாம் பஞ்சு பறக்குது, ஒருத்தி மூக்குலயும் துணி இல்ல?”

“அந்தக் காலத்துல கட்டமாட்டாங்க அத்தை.”

“எந்தக் காலத்துல கட்னாங்க? எங்கப்பா வூட்டுக்கு வந்தா தலமுடி, புருவம் எல்லாம் வெள்ளையா இருக்கும். எங்கம்மா வாசல்லயே நிக்க வெச்சித் தட்டிவுட்டுதான் உள்ளே வுடும்.”

அடுத்த காட்சி, தார்ன்டன் ஒரு தொழிலாளியைத் துரத்திப் பிடித்து அடி வெளுக்கிறார். மில்லுக்குள் புகைபிடித்தான் என்று. மார்கரெட் வெறுத்துப் போகிறாள், பார்க்கிற நாமும் கூடவே வெறுக்க வேண்டும் என்பதற்காக வைத்த காட்சி. நாவலில் இது கிடையாது. நான் விளக்கிச் சொன்னதும் அத்தை கட்சி மாறிவிட்டார். “பஞ்சு இருக்கற எடத்துல பீடி பத்த வெச்சா அடிக்காம கொஞ்சுவானா? பத்திக்கினா அத்தினி பேரும் உள்ளயே போவாங்க.” விமரிசனக் கட்டுரைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயம், தார்ன்டனின் முரட்டுத்தனத்துக்குப் பின்னால் உள்ள நியாயம், அத்தைக்கு ஒரு வரியில் முடிந்துபோனது. அதற்காக முதலாளி பக்கம் சாய்ந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஹிக்கின்ஸின் மகள் பெஸ்ஸி, பஞ்சுத் தூசியை விழுங்கி விழுங்கி நெஞ்சு கெட்டு, பத்தொன்பது வயதில் சாகிறாள். தூசியை இழுத்து வெளியே தள்ளுகிற சக்கரம் அப்போதே இருந்தது, காசு செலவாகிறது என்று பல முதலாளிகள் வைக்கவில்லை என்பதை நாவலிலேயே காஸ்கெல் எழுதிவிட்டார். அந்த இடத்தில் அத்தை எதுவும் பேசவில்லை, எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

இந்த நோய்க்கு மருத்துவத்தில் பிஸினோஸிஸ் என்று பேர். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் மார்பு இறுகுவது இதன் முதல் அடையாளம். நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது. எண்ணூர்க்காரர்களுக்கு மூச்சு சம்பந்தப்பட்ட கதைகளைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது மறந்திருக்காது. பெஸ்ஸியின் கதையை நம்மால் பழைய காலத்துச் சோகமாக வைத்துப் பார்க்க முடியாது.

அடுத்து, வேலைநிறுத்தம். சீரியலில் ஹிக்கின்ஸ் கட்டுப்பாட்டோடு நடத்துகிற வேலைநிறுத்தம், தார்ன்டன் அயர்லாந்திலிருந்து ஆள் இறக்கியதும் கலவரமாகிவிடுகிறது. இதைப் பார்த்துவிட்டுப் பெரம்பூரை நினைக்காமல் இருக்க முடியுமா? பக்கிங்ஹாம் மில் 1876, கர்நாடிக் மில் 1881, இரண்டும் சேர்ந்ததுதான் நாம் பின்னி மில் என்று சொல்கிற பி அண்டு சி. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரண்டு பேர் முன்கை எடுத்தார்கள். பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. கூட நின்றார். அன்றைய பெரிய மனக்குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்பது. கை கழுவிச் சோற்றைப் பிசைவதற்குள் சங்கு ஊதிவிடும்.

1921-ல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் வந்தது. ஆகஸ்ட் 29-ல் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. மில்டனில் வெளியூர் ஆளை இறக்கினார்கள். இங்கே பிளவு உள்ளூரிலேயே இருந்தது. வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். சங்கத்துக்கும் அவர்களுக்கும் இருந்த மனக்கசப்பு சாதிக் கலவரமாக மாறி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. வேலைநிறுத்தம் தோற்றது. திரு.வி.க. தன் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ நூலில் தொழிலாளர் இயக்க நாட்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நாலு பகுதி சீரியலுக்கு இதைவிட என்ன வேண்டும்? முதலாளி, சங்கம், சாதி, கவர்னர், துப்பாக்கி, சமையலுக்கு அரிசி இல்லாத வீடு, எல்லாம் இருக்கிறது. எடுக்கத்தான் ஆள் இல்லை.

இப்போது துறைமுகத்துக்கு வருவோம். ‘கால் த மிட்வைஃப்’ 2012-ல் பி.பி.சி.யில் தொடங்கியது. ஜெனிஃபர் வொர்த் என்ற மருத்துவச்சியின் நினைவுக் குறிப்புகளை வைத்து ஹைடி தாமஸ் எழுதியது. கிழக்கு லண்டனில் பாப்லர் என்ற துறைமுகப் பேட்டை, ஐம்பதுகளின் கடைசி. கன்னியாஸ்திரிகளும் இளம் நர்சுகளும் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறார்கள். தெருவின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் கொடி கட்டித் துணி காய்கிறது. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் கடன். ஒரே அறையில் எட்டு பேர். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் புரியாத காட்சி ஒன்றாவது இருக்குமா? வடசென்னையில் பாதிப் பேர் பிறந்தது ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வோம். ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரில் ராயபுரத்தில் இருக்கிற அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியை வைத்து, வாசலில் பையோடு காத்திருக்கிற பாட்டிகளை வைத்து, பத்து வருஷம் ஓடுகிற சீரியல் எழுதலாம். நம் சேனல்களில் மாமியார் மருமகள் விஷம் வைத்துக்கொள்வதோடு சரி.

பாப்லருக்கும் ராட்டைக்கும் நேரடி உறவே உண்டு. 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போன காந்தி, ஓட்டல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தங்கியது கிழக்கு லண்டன் பௌ பகுதியில், மியூரியல் லெஸ்டர் நடத்திய கிங்ஸ்லி ஹாலில். அன்றைய நிர்வாகக் கணக்கில் பௌவும் பாப்லர் நகராட்சிக்குள்தான் இருந்தது. மாநாடு, சந்திப்பு என்று எத்தனை அலைச்சல் இருந்தாலும் அங்கே அவர் நூற்பதை விடவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் லங்காஷயரின் டார்வன் ஊருக்குப் போனார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை போனது என்று குமுறிக்கொண்டிருந்த மில் தொழிலாளர்கள் நடுவே போய் நின்றார். மில் பெண்கள் சூழ்ந்துகொண்டு ஆரவாரம் செய்கிற புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெஸ்ஸி பிழைத்து, கல்யாணம் ஆகி, பேத்தி பிறந்திருந்தால், அந்தப் படத்தில் நின்றிருப்பாள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

மாளிகை சீரியல் நான் பார்ப்பதே இல்லை என்று சொன்னால் பொய். 1995-ல் வந்த ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ ஆறு பகுதியும் எனக்கு மனப்பாடம். ஆனால் நூற்க ஆரம்பித்த பிறகு அந்த நடனக் காட்சிகளில் கண் போகிற இடம் மாறிவிட்டது. காலின் ஃபிர்த்தை விட்டுவிட்டுப் பெண்களின் வெள்ளை மஸ்லின் கவுனைப் பார்க்கிறேன். மனசுக்குள் கணக்கு ஓடுகிறது. ஒரு கஜ அகலத் துணி, அங்குலத்துக்கு நாற்பது பாவு, நாற்பது ஊடை என்று சாதாரண நெசவாகவே வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் துணிக்குக் கிட்டத்தட்ட 2900 மீட்டர் நூல் வேண்டும். மணிக்கு 300 மீட்டர் நூற்கிற தேர்ந்த கையாக இருந்தாலும் பத்து மணி நேரம் ஆகும். மஸ்லினில் இழை இன்னும் நெருக்கம், இன்னும் மெல்லிசு. அந்த ஆறு பகுதியையும் முழுக்கப் பார்த்தாலும் அதில் வருகிற ஒரு கவுனுக்கு நூல் தேறாது.

அந்த நூலை நூற்றவர்கள் யார்? இங்கேதான் என் தெருவுக்கு வருகிறேன். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூருக்குப் பக்கத்தில் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர்தான் காலடிப்பேட்டை. அவர் பெயர்தான் மருவி நிற்கிறது. 1734-ல் இன்னொரு கவர்னர், மார்ட்டன் பிட், சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கியதும் இதற்காகவே. துணி வெளுக்க வண்ணாரப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியது துணி. அச்சடித்த இந்தியத் துணியை இங்கிலாந்தில் விற்கக்கூடாது என்று 1700-லும், பருத்தித் துணி உடுத்தவே கூடாது என்று சொல்லுமளவுக்கு 1721-லும் சட்டம் போட்டுப் பார்த்தார்கள், அத்தனை கிராக்கி. பேல் பேலாகக் கட்டி, மசூலா படகில் அலை தாண்டிக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றினார்கள். அந்தக் கப்பல்கள் போய் நின்றது லண்டனில் பிளாக்வால் பக்கம். 1806-ல் கம்பெனிக்கென்றே ஈஸ்ட் இந்தியா டாக் திறந்தது பாப்லரில். ‘கால் த மிட்வைஃப்’ நர்சுகள் சைக்கிள் ஓட்டுகிற பேட்டையை வளர்த்துவிட்டதில் நம்ம ஊர்த் துணி மூட்டைக்கும் பங்கு உண்டு.

நெசவாளிகளைப் பற்றிக் கம்பெனிப் பதிவுகளில் நிறைய இருக்கிறது. முன்பணம், தரம், தகராறு எல்லாம். நூற்றவர்களைப் பற்றி அந்த அளவுக்கு இல்லை. ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல ராட்டைகள் ஓட வேண்டும். ஓட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள், ஊர் ஊராக, வீட்டு வேலை முடிந்த நேரத்தில். நான் டிவி முன்னால் பொழுதுபோக்காகச் செய்கிற காரியம் அவர்களுக்குக் கஞ்சிக்கு வழி. பிறகு 1760-களில் லங்காஷயரில் ஹார்க்ரீவ்ஸ் ஒரே ஆள் பல கதிரைச் சுற்றுகிற ஜென்னியைக் கொண்டுவந்தார், ஆர்க்ரைட் தண்ணீரில் ஓட்டினார், கிராம்ப்டன் நூலை மெலிதாக்கினார். நம் பெண்களின் ராட்டைக்கு வேலை போயிற்று. தார்ன்டனின் மில் எழுந்து நிற்பது அந்த ராட்டைகள் நின்ற இடத்தில்தான். இதைச் சீரியல் சொல்வதில்லை. கையில் நூல் இருந்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘நார்த் அண்ட் சவுத்’ மில் காட்சிகளை எடுத்த இடங்களில் ஒன்று பர்ன்லியில் இருக்கிற குயின் ஸ்ட்ரீட் மில். நீராவியில் தறி ஓட்டிய பழைய ஆலை. 1982-ல் மூடியபோது இடித்துப் பிளாட் போடாமல் மியூசியமாக்கினார்கள். 2016-ல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று பூட்டினார்கள், பிறகு திரும்பவும் திறந்தார்கள். மியூசியமாக வைத்திருந்ததால்தான் படம் எடுக்கப் போனவர்களுக்கு நிஜத் தறியின் நிஜச் சத்தம் கிடைத்தது. நம்ம பின்னி மில் 1996-ல் மூடியது. அப்புறம் அங்கே ஓடியது சினிமாச் சண்டைக் காட்சி ஷூட்டிங். இப்போது அடுக்குமாடி. இந்தியாவில் தொழிற்சங்கம் பிறந்த இடத்தில் ஒரு தறியை, ஒரு சங்கை, ஒரு கூடத்தைக்கூட ஜனங்கள் பார்க்கிற மாதிரி நாம் வைத்துக்கொள்ளவில்லை. 1856-லிருந்து நிற்கிற ராயபுரம் ஸ்டேஷன் கட்டடமாவது மிஞ்சியிருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியிருக்கிறது.

ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்குச் சுருக்கமாக. தக்ளியில் தொடங்குங்கள், செலவு குறைவு. கதர்க் கடைகளிலும் சர்வோதய சங்கங்களிலும் விசாரித்தால் தக்ளியும் பட்டையும் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். முதலில் வருகிற நூல் கயிறு மாதிரி இருந்தால் கவலை வேண்டாம், விளக்குத் திரிக்கு ஆகும். எங்கள் வீட்டில் பூ கட்டவும் அதுதான். சீரியலில் ‘நார்த் அண்ட் சவுத்’ முதலில், ‘கால் த மிட்வைஃப்’ அடுத்து. பிள்ளைத் தொழிலாளர் பற்றித் தெரிய வேண்டுமானால் குவாரி பேங்க் ஆலையின் பழைய பதிவுகளை வைத்து 2013-ல் சேனல் 4 எடுத்த ‘த மில்’.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பின்னி மில்லோ, தீப்பெட்டிக் கம்பெனியோ, துறைமுகமோ, அங்கே வேலை பார்த்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சங்கு எத்தனை மணிக்கு ஊதும், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம், முதல் சம்பளம் என்ன, யாருக்கு எந்த மெஷினில் அடிபட்டது, ஸ்டிரைக் நாளில் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள், போனில் பதிவாவது செய்யுங்கள். காஸ்கெல் தன்னைச் சுற்றிக் கண்டதையும் கேட்டதையும்தான் நாவலாக எழுதினார். பின்னி மில்லில் கடைசி ஷிப்டு பார்த்தவர்களுக்கே இப்போது ஓய்வு பெறுகிற வயது தாண்டிக்கொண்டிருக்கிறது. கேட்பதென்றால் இந்த வருஷமே கேட்டுவிடுங்கள்.